ஒரே நீர், இரண்டு வரிசைகள்
ஆண், பெண் உடல்களில் நரம்புகள் இரத்த அழுத்தத்தை ஆளும் விதம்

சாரல் காலத்தில் குற்றாலத்திற்கு வருவோர் அனைவரும் ஓர் ஏற்பாட்டை அறிவர். பேரருவியில் ஆண்கள் நீராட ஒரு பகுதியும் பெண்கள் நீராட ஒரு பகுதியும் தனித்தனியே உண்டு. ஐந்தருவியிலும் அவ்வாறே. மேலிருந்து விழும் நீர் ஒன்றுதான். அதன் கீழ் நிற்போர் இரண்டு வரிசையாக நிற்கின்றனர்.

இரத்த அழுத்தத்தைப் பொறுத்தவரை மருத்துவ உலகம் நெடுங்காலம் இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டது. ஆய்வுகளில் பெரும்பாலும் ஆண்களையே அளந்து, கிடைத்த முடிவுகளைப் பெண்களுக்கும் பொருத்திவிட்டது. அழுத்தத்தை அன்றாடம் ஆள்வது நரம்பு மண்டலம் என்பது பழைய செய்தி. அந்த ஆட்சி ஆண் உடலில் ஒரு விதமாகவும் பெண் உடலில் வேறு விதமாகவும் நடக்கிறது என்பதும், பெண் உடலிலேயே ஐம்பது வயதை ஒட்டி அது மாறிவிடுகிறது என்பதும் அண்மைக் காலத்தில்தான் தெளிவாயின.

இந்தச் செய்தி ஆய்வாளர்களுக்கு மட்டும் உரியதன்று. எங்கள் வெளிநோயாளர் பகுதியில் நாங்கள் அடிக்கடி காணும் நிலை ஒன்று உண்டு. கணவருக்கு அழுத்தம் பார்க்க மனைவி துணைக்கு வருகிறார். காலையில் எந்த மாத்திரை, இரவில் எந்த மாத்திரை என்று அவரே ஒப்பிக்கிறார். “உங்களுக்கு அழுத்தம் பார்த்தீர்களா, அம்மா?” என்று கேட்டால், “எனக்கு எப்போதுமே லோ பி.பி.தான்” என்கிறார். எப்போது அளந்தது என்று கேட்டால், கடைசிப் பிள்ளையின் பேறுகாலத்தில் என்று விடை வருகிறது. அந்தப் பிள்ளைக்கு இப்போது இருபத்தைந்து வயது. அன்று அளந்த அளவு அன்றைய உடலுக்கு உண்மை. இன்றைய உடலுக்கு அது சான்றாகாது. ஏன் என்பதை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறோம்.

நொடிக்கு நொடி நடக்கும் காவல்

இரத்த அழுத்தம் இரண்டைப் பொறுத்தது: இதயம் எவ்வளவு இரத்தத்தை வெளியேற்றுகிறது, இரத்தக் குழாய்கள் எவ்வளவு இறுகியிருக்கின்றன என்பவை. வயலுக்கு நீர் பாய்ச்சும் குழாயை நினைத்துப் பாருங்கள். மோட்டார் வேகமாக இறைத்தாலும் குழாய்க்குள் அழுத்தம் கூடும். குழாயின் வாயை விரலால் நெருக்கினாலும் கூடும்.

இவ்விரண்டையும் சரிபார்க்கும் காவலர்கள் நம் உடலுக்குள்ளேயே இருக்கிறார்கள். கழுத்தின் இருபுறமும் பெரிய தமனி கிளைபிரியும் இடத்திலும், இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் வளைவிலும் அழுத்த உணர்விகள் உள்ளன. இரத்தக் குழாயின் சுவர் எவ்வளவு விரிகிறது என்பதை அவை ஒவ்வொரு துடிப்பிலும் அளந்து, மூளையின் அடிப்பகுதியில் உள்ள முகுளத்திற்குச் சொல்கின்றன.

முகுளம் இரு வகை நரம்புகள் வழியாக ஆணையிடுகிறது. பரிவு நரம்புகள் இதயத்தை விரைவுபடுத்தி, இரத்தக் குழாய்களை இறுக்குகின்றன. எதிர்ப்பரிவு நரம்புகளுள் முதன்மையான வேகஸ் நரம்பு இதயத்தின் ஓட்டத்தைத் தணிக்கிறது. அழுத்தம் இறங்கினால் பரிவு நரம்புகளின் கை ஓங்கும்; ஏறினால் வேகஸ் நரம்பின் கை ஓங்கும். நாம் படுக்கையிலிருந்து எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேற்பட்ட இரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்கிவிடுகிறது. ஆயினும் நாம் விழுந்துவிடுவதில்லை. நாம் அறியாமலேயே சில நொடிகளில் பரிவு நரம்புகள் குழாய்களை இறுக்கி மூளைக்கு இரத்தம் குறையாமல் காத்துவிடுகின்றன.

இந்த அமைப்பு ஆண், பெண் இருவருக்கும் பொது. வேறுபாடு அடுத்த கட்டத்தில் தொடங்குகிறது.

ஆணை ஒன்று, விடை இரண்டு

பரிவு நரம்புகளின் ஆணையை நேரடியாகக் கேட்கும் முறை 1960களில் சுவீடன் நாட்டின் உப்சாலா நகரில் உருவானது. ஹாக்பார்த், வால்போ என்னும் இரு ஆய்வாளர்கள் மிக மெல்லிய ஊசி ஒன்றை, விழித்திருக்கும் மனிதரின் நரம்பிலேயே செலுத்தி, அதில் ஓடும் மின்துடிப்புகளைப் பதிவுசெய்தனர். பின்னாளில் இம்முறையால் ஒரு புதிர் வெளிப்பட்டது. ஒரே அளவு இரத்த அழுத்தம் உள்ள நலமான இருவரை எடுத்துக்கொண்டால், ஒருவருடைய பரிவு நரம்புத் துடிப்பு மற்றவருடையதைப்போலப் பல மடங்கு இருக்கக்கூடும். ஆணை இவ்வளவு வேறுபட்டும் அழுத்தம் ஒன்றாக இருப்பது எப்படி?

அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஹார்ட், ஜாய்னர் முதலிய ஆய்வாளர்கள் 2009 முதல் வெளியிட்ட ஆய்வுகள் இதற்கு விடை தந்தன. இளம் ஆண்களில் நரம்புத் துடிப்பு மிகுந்தவர்களுக்கு இரத்தக் குழாய்களும் மிகுதியாக இறுகியிருந்தன. ஆனால் அவர்களுடைய இதயம் வெளியேற்றும் இரத்தத்தின் அளவு குறைவாக இருந்தது. ஒன்று கூட, மற்றொன்று குறைய, அழுத்தம் சமமாக நின்றது. இளம் பெண்களிடம் இந்தக் கணக்கு பொருந்தவில்லை. அவர்களுடைய நரம்புத் துடிப்பு மிகுந்தாலும் குறைந்தாலும் குழாய்களின் இறுக்கம் அதைப் பின்பற்றவில்லை. ஆணை போய்ச் சேர்ந்தது. குழாய் அதற்கு முழுதாகக் கட்டுப்படவில்லை.

காரணம் குழாயின் சுவரிலேயே இருந்தது. பரிவு நரம்பின் முனையிலிருந்து நார்அட்ரீனலின் என்னும் வேதிப்பொருள் சுரக்கிறது. அதை ஏற்கும் இரு வகை ஏற்பிகள் இரத்தக் குழாயில் உள்ளன. ஆல்ஃபா ஏற்பி ‘இறுகு’ என்னும் செய்தியைத் தருகிறது. பீட்டா ஏற்பி ‘தளர்’ என்னும் செய்தியைத் தருகிறது. இளம் பெண்களில் பீட்டா ஏற்பிகளின் குரல் வலுவானது. ஆகவே இறுக்கும் ஆணையின் ஒரு பகுதி அங்கேயே ஈடுசெய்யப்படுகிறது. பீட்டா ஏற்பிகளைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது, இளம் பெண்களிலும் நரம்புத் துடிப்புக்கு ஏற்பக் குழாய்கள் இறுகின. தளர்த்தும் குரலை அடக்கியதும், இறுக்கும் குரல் முழுதாகக் கேட்டது.

இதே ஆய்வாளர்கள் மாதவிடாய் நின்ற பெண்களையும் அளந்தனர். அவர்களிடம் அந்த ஈடு காணப்படவில்லை. நரம்புத் துடிப்பு மிகுந்தவருக்குக் குழாய் இறுக்கமும் மிகுதி. இரத்த அழுத்தமும் மிகுதி.

ஐம்பதை ஒட்டி நடப்பது

ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்மைச் சுரப்பு இரத்தக் குழாயின் உள்ளடுக்கு நைட்ரிக் ஆக்சைடு என்னும் தளர்த்தும் பொருளை உண்டாக்கத் துணைசெய்கிறது. பீட்டா ஏற்பிகளின் தளர்த்தும் வேலைக்கும் அது துணையாக நிற்பதாகத் தெரிகிறது. இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதை ஒட்டி மாதவிடாய் நிற்கிறது. அப்போது ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. தளர்த்தும் குரலும் மெலிகிறது.

அதே காலத்தில் மற்றொன்றும் நடக்கிறது. வயது கூடக்கூடப் பரிவு நரம்புத் துடிப்பு ஆண், பெண் இருவருக்கும் கூடுகிறது. ஆனால் பெண்களில் அந்த ஏற்றம் செங்குத்தானது. இளமையில் ஆண்களைவிடக் குறைவாக இருந்த துடிப்பு, ஐம்பதைக் கடந்தபின் அவர்களை எட்டிப்பிடிக்கிறது. ஒருபுறம் இறுக்கும் ஆணை கூடுகிறது. மறுபுறம் அதைத் தணித்து வந்த ஈடு குறைகிறது. இரண்டும் ஒரே சில ஆண்டுகளுக்குள் நேர்வதால்தான், வாழ்நாள் முழுவதும் ‘லோ பி.பி.’ என்று எண்ணியிருந்த ஒருவர் அறுபது வயதில் உயர் அழுத்தக்காரராக நிற்கிறார்.

நாட்டின் கணக்கும் இந்தப் போக்கிற்கு மாறாக இல்லை. 2019-21ஆம் ஆண்டுகளின் ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுள் உயர் அழுத்தம் உள்ளவர்கள் அல்லது அதற்கு மருந்து உட்கொள்பவர்கள், ஆண்களில் 24.0 விழுக்காடு, பெண்களில் 21.3 விழுக்காடு. மொத்தமாகப் பார்த்தால் ஆண்களே சற்று முன்னால். ஆனால் மொத்தக் கணக்கு வயதை மறைக்கிறது. இளவயதிலும் நடுவயதிலும் ஆண்களிடம் மிகுந்திருக்கும் உயர் அழுத்தம், அறுபதைத் தாண்டிய பின் பெண்களிடமே மிகுதியாகிறது என்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியுள்ளன.

இந்தக் காலத்தில் பல பெண்களுக்கு உடல் திடீரெனச் சூடாவது, வியர்ப்பது, நெஞ்சு படபடப்பது, உறக்கம் கெடுவது ஆகியவை நேர்கின்றன. “இது இந்த வயதில் எல்லோருக்கும் வருவதுதானே” என்று வீட்டார் தேற்றுகின்றனர். பெரும்பாலும் அது உண்மையே. ஆயினும் அதே வேளையில் அழுத்தமும் ஏறிக்கொண்டிருக்கலாம். அதை அளந்தாலன்றி அறிய முடியாது. உயர் அழுத்தம் வலிப்பதில்லை. அதற்கென்று நம்பத்தகுந்த அறிகுறியும் இல்லை.

கருப்பையுடன் சினைப்பைகளையும் இளவயதிலேயே அறுவை மூலம் நீக்கிக்கொண்டவர்களுக்கு இந்த மாற்றம் முன்கூட்டியே வந்துவிடுகிறது. அவர்கள் நாற்பதிலிருந்தே, அதற்கு முன்பாக நீக்கப்பட்டிருந்தால் அப்போதிருந்தே, ஆண்டுதோறும் அளந்துகொள்ள வேண்டும். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம்: ஈஸ்ட்ரோஜன் காக்கிறது என்று படித்துவிட்டு, அழுத்தத்தைக் குறைப்பதற்காகச் சுரப்பு மாத்திரைகளைத் தாமாகவே உட்கொள்ளக் கூடாது. அழுத்தத்துக்கு அது மருந்தன்று.

ஆண்களுக்கு ஒரு சொல்

மேலே சொன்னவற்றைப் படிக்கும் ஆண் வாசகர்கள் இது தம்மைப் பற்றியதன்று என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. இளம் பெண்ணுக்கு இருக்கும் ஈடு இளம் ஆணுக்கு அந்த அளவில் இல்லை. அவருடைய குழாய்கள் நரம்பின் ஆணைக்கு உடனே இறுகுகின்றன. உடற்பருமன், மது, புகை, உறக்கத்தில் மூச்சு தடைபடும் குறட்டை ஆகிய நான்கும் பரிவு நரம்புகளைத் தூண்டுபவை. முப்பத்தைந்து வயதில் நலமாகத் தோன்றும் ஓர் ஆணுக்கு அழுத்தம் 150/100 இருப்பது அரிதான செய்தியன்று. “இந்த வயதில் எனக்கென்ன” என்பதும், “எனக்கு எப்போதுமே லோ பி.பி.” என்பதும் ஒரே தவற்றின் இரண்டு வடிவங்கள்.

பேறுகாலம் உரைக்கும் முன்னறிவிப்பு

கருவுற்ற காலத்தில் பரிவு நரம்புத் துடிப்பு கூடுகிறது. ஆயினும் இரத்தக் குழாய்கள் நன்கு தளர்ந்திருப்பதால் நடு மாதங்களில் அழுத்தம் இயல்பைவிடச் சற்றுக் குறைகிறது. இந்தச் சமநிலை குலையும்போது, இருபது வாரங்களுக்குப் பின் அழுத்தம் 140/90-ஐ எட்டுகிறது. சிலருக்குச் சிறுநீரில் புரதமும் சேர்கிறது. கடும் தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகத்திலும் கைகளிலும் வீக்கம் ஆகியவை தோன்றினால் அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

பேறுகாலத்துடன் இந்தக் கதை முடிந்துவிடுவதில்லை. அப்போது உயர் அழுத்தம் கண்ட பெண்களுக்குப் பிற்காலத்தில் நிலையான உயர் அழுத்தமும் இதய நோயும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மிகுதி. ஆகவே பிள்ளைப்பேற்றின்போது அழுத்தம் ஏறியது என்பதை எத்தனை ஆண்டு கழிந்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். தாய்மார் பழைய பேறுகால அட்டையைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தால் அதையும் கொண்டுவாருங்கள்.

எழுந்து நிற்கும்போது

குழாய்கள் எளிதில் தளர்வது இளம் பெண்களுக்கு நன்மை. அதற்கு ஒரு விலையும் உண்டு. எழுந்து நிற்கும்போது குழாய்கள் விரைவாக இறுக வேண்டிய இடத்தில் அவர்களுக்கு அந்த இறுக்கம் ஆண்களைவிடச் சற்றுக் குறைவு. இதயத்தின் அளவும் இரத்தத்தின் கொள்ளளவும் சராசரியாகச் சிறியவை. ஆகையால் நெடுநேரம் நிற்கும்போதும், வெயிலிலும், வெறும் வயிற்றிலும் தலை சுற்றி மயங்குவோருள் இளம் பெண்கள் மிகுதி.

தென்காசி, கடையநல்லூர் வட்டாரங்களில் பல வீடுகளில் பெண்கள் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றுகின்றனர். மணிக்கணக்கில் கால் மடக்கி அமர்ந்துவிட்டு, சமையலுக்கோ குழந்தைக்கோ சட்டென்று எழும்போது கண் இருட்டுவதாக அவர்கள் சொல்வதுண்டு. மணிக்கு ஒருமுறையேனும் எழுந்து நடப்பதும், எழுமுன் கால்களை நீட்டி மடக்கிக் கெண்டைக்கால் தசையை இயக்குவதும், போதிய நீர் அருந்துவதும் உதவும். புகையிலைத் தூளில் உள்ள நிக்கோட்டின் பரிவு நரம்புகளைத் தூண்டும் பொருள். பீடி பிடிக்காதவருக்கும் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் அது சேரக்கூடும். முகத்திற்கு ஒரு துணி, வேலை முடிந்ததும் சோப்பால் கைகழுவுதல், காற்றோட்டமான இடம் ஆகியவை எளிய காப்புகள். இவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் அழுத்தம் பார்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

முதிய ஆண்களுக்கு வேறொரு வகையில் இந்த இடர் வருகிறது. புராஸ்டேட் வீக்கத்திற்குத் தரப்படும் டாம்சுலோசின் போன்ற மருந்துகள், மேலே சொன்ன ஆல்ஃபா ஏற்பிகளைத் தடுப்பவை. அவை முதன்மையாகச் சிறுநீர்ப் பாதையைத் தளர்த்தினாலும், சிலருக்கு இரத்தக் குழாயையும் தளர்த்தி, எழும்போது அழுத்தத்தை இறக்கிவிடுகின்றன. இரவில் உறக்கத்திலிருந்து எழுந்து, நின்றபடி சிறுநீர் கழிக்கும்போது மயங்கி விழுவது பெரும்பாலும் ஆண்களுக்கே நேர்வது. படுக்கையின் ஓரத்தில் ஒரு நிமிடம் அமர்ந்து எழுவதும், இரவில் அமர்ந்தபடியே சிறுநீர் கழிப்பதும் இடுப்பு எலும்பு முறிவிலிருந்து காக்கும்.

தலைசுற்றல் உள்ளவர்களுக்குப் படுத்த நிலையில் ஒருமுறையும், எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் மீண்டும் அளந்து பார்க்கிறோம். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அது கவனிக்க வேண்டிய இறக்கம். “எனக்கு நின்று பார்த்து அளக்க முடியுமா?” என்று நீங்களே கேட்கலாம்.

அருவிக்குச் செல்வோர் அறிய வேண்டியவை

குளிர்நீர் நரம்புகளை எப்படித் தூண்டுகிறது என்பதற்கு மருத்துவத்தில் ஒரு பழைய சோதனை உண்டு. ஹைன்ஸ், பிரவுன் என்னும் மருத்துவர்கள் 1930களின் தொடக்கத்தில் வகுத்த அச்சோதனையில், கையைப் பனிக்கட்டி நீரில் ஒரு நிமிடம் வைத்தால் பரிவு நரம்புகள் விழித்துக் குழாய்களை இறுக்கி, அழுத்தத்தை விரைவில் ஏற்றிவிடும். குற்றால நீர் பனிக்கட்டி நீரன்று. ஆனால் அது ஒரு கையோடு நிற்பதில்லை. தலை, தோள், முதுகு அனைத்திலும் வலுவாக விழுகிறது.

முகத்தில் படும் குளிர்நீர் இதற்கு எதிரான ஆணையையும் எழுப்புகிறது. முக நரம்புகள் வழியாகச் செய்தி சென்று, வேகஸ் நரம்பு இதயத்தைத் தணிக்க முற்படுகிறது. உடலெங்கும் படும் குளிர் ‘விரைந்து ஓடு’ என்கிறது. முகத்தில் படும் குளிர் ‘மெதுவாக ஓடு’ என்கிறது. நலமான இதயம் இரண்டையும் தாங்கி, அந்தப் புத்துணர்ச்சியை நமக்குத் தருகிறது. இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவருக்கும், இதயக் குழாயில் அடைப்பு உள்ளவருக்கும் இந்த இழுபறி ஏற்றதன்று.

ஈடு குன்றிய உடலில் இறுக்கம் முழுதாக விழும் என்பதைக் கண்டோம். ஆகவே ஐம்பதைக் கடந்த தாய்மார், இளமையில் அருவியில் அரைமணி நின்றதை அளவுகோலாகக் கொள்ள வேண்டா. இருபாலார்க்கும் பொதுவான சில நெறிகளைக் கீழே தருகிறோம்.

முதலில் கால்களையும் கைகளையும் நனைத்து, பின் ஓரமாக நின்று, உடல் குளிர்ச்சிக்குப் பழகிய பின்னரே நீரின் அடியில் செல்லுங்கள். நடு அருவியில் தலையை நேராகக் கொடுக்க வேண்டா. சில நிமிடங்கள் போதும். மது அருந்திவிட்டு அருவிக்குச் செல்வது எந்த வயதிலும் ஆபத்து. எண்ணெய் தேய்த்துப் படுத்திருந்தவர்கள் சட்டென்று எழ வேண்டா. அமர்ந்து, பின் எழுங்கள்.

பயணத்தின்போது காலை மாத்திரையை விட்டுவிடுவது நாங்கள் காணும் பெருங்குறை. “ஒரு நாள்தானே” என்று விட்டால், சில வகை மருந்துகளில் அழுத்தம் முன்பைவிட வேகமாக எகிறும். மாத்திரைகளைப் பெட்டியின் அடியில் வைக்காமல் கைப்பையில் வையுங்கள். பிரானூர் பார்டரில் பரோட்டாவும் கோழியும் உண்பது பயணத்தின் ஒரு பகுதி என்பதை அறிவோம். உண்டபின் இரத்தம் குடலுக்குத் திரும்புவதால் முதியவர்களுக்கு அழுத்தம் இறங்கித் தலைசுற்றலாம். அளவாக உண்டு, ஒரு மணி நேரமேனும் அமர்ந்து, பிறகு நடக்கலாம். உணவின் உப்பையும் நினைவில் கொள்ளுங்கள்.

அழுத்தம் 180/110-ஐ எட்டியுள்ளவர்களும், அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களும், கருவுற்றவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அருவியின் அடியில் நிற்க வேண்டா. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுதல், கை கால் தளர்தல், பேச்சுக் குழறல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.

மருந்துகளும் இருபாலாரும்

அழுத்த மருந்துகள் இருபாலார்க்கும் பயன்தருபவை. பக்க விளைவுகளில் மட்டும் சில வேறுபாடுகள் உண்டு. அம்லோடிபின் மாத்திரையால் கணுக்கால் வீங்குவதும், எனலாப்ரில், ராமிப்ரில் போன்றவற்றால் வறட்டு இருமல் வருவதும் பெண்களுக்கு மிகுதி. நீர் மாத்திரையால் சோடியம் குறைந்து சோர்வும் மனக்குழப்பமும் வருவது முதிய பெண்களிடம் மிகுதி. இவை வந்தால் மாத்திரையை நிறுத்திவிடாமல் எங்களிடம் சொல்லுங்கள். மாற்று மருந்துகள் பல உள்ளன. கருவுற எண்ணும் பெண்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். எனலாப்ரில், ராமிப்ரில், டெல்மிசார்டான், லோசார்டான் ஆகியவை வயிற்றில் உள்ள குழந்தைக்குத் தீங்கு செய்பவை.

மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் தாமாகவே வாங்கி உண்ணும் டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகள் அழுத்தத்தை ஏற்றும். நடுவயதுப் பெண்கள் பலர் இதை மருத்துவரிடம் சொல்வதில்லை. ஆண்கள் சொல்லக் கூசுவது வேறொன்று. ஆண்மைக் குறைவுக்கு உட்கொள்ளும் சில்டெனாபில் போன்ற மாத்திரை, நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையுடன் சேர்ந்தால் அழுத்தம் உயிருக்கு ஆபத்தான அளவு இறங்கிவிடும். மருத்துவரிடம் கூச்சம் வேண்டா.

அளக்கும் முறை

அளப்பதற்கு அரைமணிக்கு முன்பிருந்து தேநீர், காபி, புகை வேண்டா. சிறுநீர் கழித்துவிட்டு, ஐந்து நிமிடம் பேசாமல், முதுகு சாய்ந்து, கால்களைத் தரையில் ஊன்றி அமருங்கள். கை இதயத்தின் மட்டத்தில் மேசைமேல் இருக்கட்டும். பட்டையை வெறும் தோலின்மீது சுற்ற வேண்டும். இறுக்கமான ரவிக்கைக் கையின் மேல் சுற்றினாலும், அதைச் சுருட்டி மேலே தள்ளிக் கை இறுகியிருந்தாலும் அளவு பிழைபடும். தளர்ந்த கையுள்ள உடை அணிந்து வாருங்கள். மறைவிடம் வேண்டுமெனில் தயங்காமல் செவிலியரிடம் கேளுங்கள். இரண்டு முறை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் 140/90-உம், வீட்டில் 135/85-உம் அதற்கு மேலும் பல நாள் தொடர்ந்து வந்தால் அது உயர் அழுத்தம்.

மருத்துவமனைக்கு வர இயலாதவர்களுக்கும் வழி உண்டு. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் கீழ்ப் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கின்றனர், மருந்தும் வழங்குகின்றனர். அவர்கள் வரும்போது வீட்டுத் தலைவரை மட்டும் அமரவைக்காமல், அடுப்படியில் இருப்பவரையும் அழைத்து அமரவையுங்கள்.

துணைக்கு வருவோருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வரும்போது நோயாளியின் அளவைக் குறித்தபின் உங்கள் கையையும் நீட்டுங்கள். அதற்குத் தனிச் சீட்டு தேவையில்லை என்று செவிலியரிடம் சொல்லியிருக்கிறோம். நோயாளியாக வருவோருக்கும் அதே வேண்டுகோள்: உங்கள் மாத்திரைகளை நினைவில் வைத்திருப்பவருடைய அழுத்தம் எவ்வளவு என்பதை நீங்கள் நினைவில் வைத்திருங்கள். வீட்டின் நாட்காட்டியில் இரு பெயர்களை எழுதி, ஒவ்வொரு மாதமும் இரு அளவுகளைக் குறியுங்கள்.